பதினெட்டு மில்லிமீட்டர்

அத்தியாயம் பன்னிரண்டு

ஐம்பத்தெட்டு புள்ளி மூன்று ஏழு.

பதினொரு நாளாக அந்த வீட்டில் நான்கு பேர் வாயிலும் இந்த எண்தான். சின்னவள் நூறு மீட்டரை நீந்திக் கடக்க எடுத்துக்கொண்ட வினாடிகள் அவை. அணிக்குத் தேர்வாக வேண்டுமானால் ஐம்பத்தெட்டு புள்ளி நான்கு பூஜ்யத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு வினாடியை நூறாகக் கூறு போட்டால் அதில் மூன்று கூறு மிச்சம். கண்ணிமைக்கும் நேரத்தில் பாதிகூட வராது. ஆனால் அது போதும் என்று பட்டியலில் அவளைச் சேர்த்துவிட்டார்கள்.

போன வாரம் அந்தப் பட்டியலின் மேல் ஒரு கடிதம் வந்து விழுந்தது. வேறொரு கிளப்பின் பயிற்சியாளர் எழுதியது. தேர்வுப் போட்டி நடந்த நீச்சல் குளம் நான்கு மாதத்துக்கு முன் பழுதுபார்க்கப்பட்டிருக்கிறது, சுவரில் மாட்டியிருக்கும் அளவுச் சான்றிதழ் அதற்கு முந்தியது, ஆகவே குளத்தை மறுபடி அளந்து பார்க்க வேண்டும் என்று மூன்றே வரி. சின்னவளுக்கு நீச்சல் பயிற்சி தரும் மாஸ்டர் அதை எல்லார் முன்னாலும் படித்தபோது சின்னவள் சிரித்துவிட்டாள். தாராளமா அளக்கட்டும் மாஸ்டர், அந்த டைல் போட்டது எங்கப்பா, அவர் கை ஒரு நூல் பிசகாது என்றாள்.

அப்பாவும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

டைல் வேலைக்காரர்கள் மத்தியில் அவருக்கு நூலண்ணன் என்றே பெயர். ஓர் இஞ்சை எட்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு நூல். மற்றவர்கள் இதெல்லாம் ஒரு குறையா என்று விட்டுவிட்டுப் போகும் இடத்தில், ஒரு நூல் விலகிவிட்டது என்று ஒட்டிய டைலைப் பெயர்த்து மறுபடி ஒட்டுவார். கேலியாக வைத்த பெயர், நாளடைவில் மரியாதையாகிவிட்டது.

இன்று காலை ஏழு மணிக்கு அளவு. மாலை ஆறு மணிக்குத் தேர்வுப் பட்டியல் மூடப்படுகிறது.

அவர் முன்னால் வைத்த தேநீர் ஆடை கட்டிப்போயிருந்தது. மனைவி அதை எடுத்துக் கொட்டிவிட்டு வேறு போட்டு வைத்தாள். அதுவும் ஆறியது. உடம்புக்கு என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாதவர் ஏன் சட்டையை உள்புறம் வெளியே தெரியப் போட்டிருக்கிறீர்கள் என்று அவள் கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார்.

பேருந்தில் சின்னவள் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். பதினேழு வயது. அடுத்த வருஷம் இந்தப் பிரிவில் நீந்த முடியாது, வயது தாண்டிவிடும். அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டுக் கல்லூரியில் இடமும் கூடவே வரும். அதையெல்லாம் அவள் முடிந்துபோன காரியம்போலப் பேசினாள். விடுதி அறைக்கு இரண்டு பூட்டு வாங்க வேண்டும் என்றாள்.

நூலண்ணன் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவர் மனம் நான்கு மாதத்துக்கு முன்னால், தண்ணீர் இறக்கிய அந்தக் குளத்துக்குள் நின்றுகொண்டிருந்தது.

குளத்தின் இரண்டு முனைச் சுவரிலும் டைல்கள் வெடித்துப்போயிருந்தன. பழையதைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிது ஒட்ட ஆறு வாரம் ஆகும் என்று கான்ட்ராக்டர் கணக்குப் போட்டிருந்தார். ஆறு வாரம் குளம் மூடியிருந்தால் சின்னவள் எங்கே நீந்துவாள்? ஊரின் மறுகோடியில் இருக்கும் இன்னொரு குளத்துக்கு இரண்டு பேருந்து மாறிப் போய், கிடைத்த ஓரத்தில் முக்கால் மணி நேரம் நீந்திவிட்டு, சளியும் இருமலுமாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். தேர்வுப் போட்டிக்குப் பதினைந்து வாரம்தான் இருந்தது. ஆடுகிற டைலை மட்டும் எடுத்துக் குழியை அடைத்துவிட்டு, மற்றதன் மேலேயே புதிதை ஒட்டிவிடலாம், மூன்று வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்று கான்ட்ராக்டரிடம் போய்ச் சொன்னவர் அவர்தான்.

சொன்னபடி முடித்தும் கொடுத்தார். கடைசி நாள், சுவருக்குச் சுவர் டேப்பை இழுத்துப் பார்த்தார். இருபத்தைந்து மீட்டர் என்றால் எண்பத்திரண்டு அடி என்று கான்ட்ராக்டர் சொல்லியிருந்தார். எண்பத்திரண்டு அடிக்கு அரை இஞ்சு குறைந்தது. நான்கு நூல்.

ஒரு சமையலறையில் நான்கு நூல் குறைந்திருந்தால் அன்று அவருக்குச் சோறு இறங்கியிருக்காது. அன்றைக்கு என்னவோ, டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார். இவ்வளவு பெரிய குளத்தில் நான்கு நூலா, தண்ணீர் நிரம்பிவிட்டால் யார் கண்ணில் படப்போகிறது என்று நினைத்துக்கொண்டார். மறுநாளே சின்னவள் அந்தத் தண்ணீரில் குதித்தாள்.

இறங்க வேண்டிய நிறுத்தம் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவள், அந்தக் கடிதம் எழுதின ஆளும் வருவாராம்ப்பா, எண்ணைப் படிக்கும்போது அவர் முகத்தைத்தான் பார்க்கப்போறேன் என்றாள். நூலண்ணன் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அளக்க வந்தவர் இளைஞர். முக்காலியின் மேல் ஒரு கருவியை வைத்து, எதிர்ச் சுவரில் ஒரு தகட்டைப் பொருத்தி, சிவப்புப் புள்ளி அதன் நடுவில் விழுகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சரிசெய்தார். நீச்சல் சங்கத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மாள் படிவத்தோடு வந்திருந்தார். மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடிதம் எழுதிய பயிற்சியாளர் கொஞ்சம் தள்ளி, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார்.

முதல் தடத்திலிருந்து ஆரம்பித்தார்கள். இருபத்து நான்கு புள்ளி ஒன்பது எட்டு நான்கு. அதிகாரி நிமிர்ந்து பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டார். இரண்டாவது தடம், மூன்றாவது தடம். சின்னவள் நீந்தியது நான்காவது தடத்தில்.

"இருபத்து நாலு புள்ளி ஒன்பது எட்டு ரெண்டு" என்றார் இளைஞர்.

மறுபடி ஒருமுறை பார்க்கச் சொன்னார் அதிகாரி. கருவியைத் துடைத்து, மட்டம் பார்த்து, இன்னொருமுறை அளந்தார். அதே எண்.

சின்னவளுக்கு முதலில் பிடிபடவில்லை. இருபத்தைந்துக்கு எவ்வளவு குறைவு என்று கேட்டாள். பதினெட்டு மில்லிமீட்டர் என்றார்கள். அவள் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். அதன் அகலம்கூட இல்லையே, இதற்குப் போயா என்றாள். அதிகாரி கடுமையாகப் பேசுகிறவர் அல்ல. குளம் ஒரு சென்டிமீட்டர் வரை கூடுதலாக இருக்கலாம், ஒரு மில்லிமீட்டர்கூடக் குறைவாக இருக்கக் கூடாது, இது எல்லாருக்கும் உள்ள விதி என்று சொன்னார். குறைந்த குளத்தில் நீந்திய நேரம் செல்லாது.



நூலண்ணன் இளைஞரின் பக்கத்தில் போய், பதினெட்டு மில்லிமீட்டர் என்றால் எத்தனை நூல் என்று மெதுவாகக் கேட்டார். இளைஞருக்கு நூல் தெரியவில்லை. இஞ்சில் எட்டில் ஒரு பங்கு என்றதும் கைபேசியில் தட்டிப் பார்த்துவிட்டு, ஆறுக்குக் கொஞ்சம் கம்மி என்றார்.

நான்கு எப்படி ஆறானது? அவருக்கு விளங்கவில்லை. இருபத்தைந்து மீட்டர் எண்பத்திரண்டு அடிதானே என்று கேட்டார்.

"எண்பத்திரண்டு புள்ளி பூஜ்யம் ரெண்டு. அந்தப் புள்ளிக்கு அப்புறம் இருக்கிறதை விட்டுட்டீங்களே. அதுவே கால் இஞ்சு வரும்."

கால் இஞ்சு. இரண்டு நூல். தெரிந்தே விட்டது நான்கு, தெரியாமல் விட்டது இரண்டு.

டைல் ஒட்டியது யார் என்று அதிகாரி கேட்டார். நூலண்ணன் கை தூக்கினார். பழைய டைலை எடுத்தீர்களா என்று கேட்டார். இல்லை, மேலேயே ஒட்டினோம் என்றார். ஏன் என்று கேட்டார்.

சின்னவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கேயாவது ஒரு தவறு நடந்திருக்கிறது, அதை அப்பா இப்போது விளக்கிவிடுவார் என்று காத்திருக்கிற பார்வை.

"கான்ட்ராக்டர் சொன்னபடி செஞ்சோம்மா" என்றார் நூலண்ணன்.

அதிகாரி அதை அப்படியே எழுதி, கீழே கையெழுத்துக் கேட்டார். அவர் போட்டார்.

மாஸ்டர் சும்மா இருக்கவில்லை. கைபேசியும் காதுமாக அரை மணி நேரம் நடந்தார். மாலை நான்கு மணிக்கு ஊரின் மறுகோடியில் இருக்கும் குளத்தில் ஒரு தடத்தைக் காலிசெய்து தரச் சம்மதிக்கவைத்தார். அதிகாரி நேரம் குறிக்க வருவதாக ஒப்புக்கொண்டார். ஆறு மணிக்குள் புது நேரம் வந்துவிட்டால் பட்டியலில் சேர்க்கத் தடையில்லை. கடிதம் எழுதிய பயிற்சியாளரே தன் கிளப்பிலிருந்து இன்னும் இரண்டு பேரை நேரம் குறிக்க அனுப்புவதாகச் சொன்னார். அவரைத் திட்டக்கூட வழியில்லாமல் போய்விட்டது.

போகிற வழியில்தான் மருத்துவமனை. பெரியவள் அங்கே மருந்துக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். புள்ளி ஐந்து மில்லிக்கும் ஐந்து மில்லிக்கும் நடுவே ஒரு புள்ளிதான் என்று நாள் முழுக்க எண்ணிக்கொண்டு மருந்து அளப்பவள். மத்தியானம் அவளுடைய சாப்பாட்டு நேரத்தில் மூன்று பேரும் சிற்றுண்டிக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். சின்னவள் அக்காவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். குளம் சரியாக இருந்திருந்தால் தன்னுடைய நேரம் என்னவாக இருந்திருக்கும்?

பெரியவள் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். ஒரு நீளத்துக்குப் பதினெட்டு. நூறு மீட்டருக்கு நான்கு நீளம். எழுபத்திரண்டு மில்லிமீட்டர், அதாவது ஏழு புள்ளி இரண்டு சென்டிமீட்டர். நீ ஒரு வினாடிக்கு நூற்று எழுபத்தோரு சென்டிமீட்டர் போகிறாய். வகுத்தால் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நான்கு. அதைக் கூட்டினால்—

அவள் கூட்டிவிட்டுப் பேனாவை மூடினாள். சீட்டைத் தங்கையின் பக்கம் தள்ளினாள்.

ஐம்பத்தெட்டு புள்ளி நான்கு ஒன்று.

ஒரு கூறு. நூறில் ஒரு கூறு அதிகம்.

"அப்ப நான் ஜெயிக்கவே இல்லையாக்கா?" என்றாள் சின்னவள்.

அது வெறும் கணக்கு, தண்ணீரில் அப்படியெல்லாம் சொல்ல முடியாது என்று பெரியவள் சமாதானம் சொன்னாள். சின்னவள் காதில் வாங்கவில்லை. முகம் கழுவி வருகிறேன் என்று எழுந்து போனாள். போகும்போது, அந்தக் கான்ட்ராக்டர் மட்டும் என் கையில் கிடைக்கட்டும், எங்கப்பா பேரையும் சேர்த்துக் கெடுத்துட்டான் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பெரியவள் அப்பாவைப் பார்த்தாள். சீட்டை நான்காக மடித்தாள்.

"மூணு வாரம் மிச்சம் பிடிச்சேன்னு அன்னைக்கு வீட்டுல வந்து சொன்னீங்களேப்பா. அம்மாகிட்ட. நானும்தான் இருந்தேன்."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கான்ட்ராக்டர் சொல்லலை. நீங்க சொன்னது. இல்லையா?"

ஆமாம் என்று தலையசைத்தார். அளந்து பார்த்ததையும் சொன்னார். நான்கு நூல் என்று தெரிந்தே டேப்பைச் சுருட்டியதையும், காலையில் கையெழுத்துப் போட்டதையும் சொன்னார். இப்போதே அவளிடம் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தார்.

பெரியவள் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். இன்னும் மூன்று மணி நேரத்தில் அவள் நீந்த வேண்டும், இப்போது போய் இதைச் சொன்னால் கையும் ஓடாது காலும் ஓடாது, நீந்தி முடிக்கட்டும் என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயம் தனக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது என்பதும் நூலண்ணனுக்குத் தெரிந்தது. சரி என்றார்.

பெரியவள் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவர்களோடு கிளம்பினாள்.

மறுகோடிக் குளம் பழசு. உள்ளே நுழைந்ததும் குளோரின் நெடி கண்ணைக் கரித்தது. சின்னவள் உடைமாற்றிக்கொண்டு வந்து, தோள்களைச் சுழற்றி, இரண்டு நீளம் மெதுவாக நீந்திவிட்டு ஏறினாள். தண்ணீர் ரொம்பச் சில்லென்று இருக்கிறது என்றாள்.

நான்குக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கான்ட்ராக்டர் வந்து சேர்ந்தார்.

அதிகாரி மத்தியானம் அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு விசாரித்திருந்தார். மனுஷன் பதறிக்கொண்டு கோப்பும் கையுமாக ஓடிவந்திருந்தார். அதிகாரியைத் தேடிக்கொண்டு படிக்கட்டு ஏறியவரைச் சின்னவள்தான் முதலில் பார்த்தாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே போய் முன்னால் நின்றாள். சோம்பேறித்தனத்துக்குப் பழைய டைல் மேலேயே ஒட்டச் சொன்னீங்களே, உங்களால எங்கப்பா தலைகுனிஞ்சு நிக்கிறார் என்று ஆரம்பித்து, மூச்சுவிடாமல் பேசித் தீர்த்தாள்.

அவள் முடித்ததும் கான்ட்ராக்டர் கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்தார்.

"நான் ஆறு வாரம் போட்டிருந்தேன்மா. மூணு வாரத்துல முடிச்சுத் தர்றேன், மேலேயே ஒட்டிடலாம்னு உங்கப்பாதான் சொன்னார். அவர் பேர் அப்படி, அதனால ஒத்துக்கிட்டேன். பின்னாடி பேச்சு வரக் கூடாதுன்னு எழுதி வாங்கிவெச்சேன். படிச்சுப் பார்."

நூலண்ணன் பத்தடி தள்ளி நின்றிருந்தார். அவள் படிக்கிற நேரம் முழுவதும் அங்கேயே நின்றார். நான்கு வரி. அதைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் அவரிடம் வந்தாள்.

"உங்க கையெழுத்தாப்பா அது?"

"ஆமாம்மா."

"காலையில வேற சொன்னீங்க."

"ஆமா."

"ஏன்ப்பா?"

அவர் வாயில் வந்தது இதுதான்: "ஆறு வாரம் உனக்குத் தண்ணி இல்லாம போயிடுமேன்னுதான்மா. உனக்காகத்தான்..."

"எனக்காகன்னு சொல்லாதீங்க." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "அதையும் என் தலையில கட்டாதீங்க."

பிறகு அக்காவைத் திரும்பிப் பார்த்து, உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டாள். மத்தியானம் என்றாள் பெரியவள். சின்னவள் தலையை ஆட்டிக்கொண்டாள். ரப்பர் தொப்பியை இழுத்து மாட்டி, காதுக்குக் கீழே தொங்கிய முடியை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினாள்.

இன்னும் பத்து நிமிடம் வேண்டுமா என்று மாஸ்டர் கேட்டார். வேண்டாம் என்றாள்.

தனியாக ஒருத்தி நீந்துவதைப் பார்ப்பது என்னவோ போலிருந்தது. பக்கத்துத் தடங்களில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. விசில் ஊதியதும் அவள் பாய்ந்த பாய்ச்சலில் குறை ஒன்றும் இல்லை. முதல் நீளம் நன்றாகப் போனது. இரண்டாவதும் அப்படியே. பாதியில் மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு நம்பிக்கையோடு நடக்க ஆரம்பித்தார்.

மூன்றாவது நீளத்தில் அவள் கை தண்ணீரில் விழும் சத்தம் மாறியது. நூலண்ணனுக்கு நீச்சல் தெரியாது. ஆனால் பத்து வருஷமாகக் கரையில் உட்கார்ந்து கேட்ட சத்தம் அது. இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். போயிடும்மா, போயிடும்மா என்று அவர் உதடு அவரை அறியாமல் முணுமுணுத்தது. அவள் சுவரைத் தொட்டபோது மூன்று கடிகாரங்களும் நின்றன. மூன்று நேரங்களில் நடுவானதைத்தான் கணக்கில் எடுப்பார்கள்.

ஐம்பத்தெட்டு புள்ளி ஆறு ஆறு.

அவள் சுவரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே இருந்தாள். மாஸ்டர் குனிந்து ஏதோ சொன்னார். பெரியவள் துண்டை விரித்துக்கொண்டு காத்திருந்தாள். கடைசியில் ஏறி வந்து, அக்காவின் துண்டை வாங்கிக்கொண்டு, அப்பா நின்ற பக்கம் திரும்பாமல் உடைமாற்றும் அறைக்குப் போனாள்.

மகள்கள் இரண்டு பேரும் முதலில் வந்த பேருந்தில் போய்விட்டார்கள். நூலண்ணன் போகவில்லை. அதிகாரி மேசையில் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்று, காலையில் தான் கொடுத்த வாக்குமூலத்தை மாற்றி எழுத வேண்டும் என்றார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். கான்ட்ராக்டர் காட்டிய தாளைத் தானும் பார்த்துவிட்டதாகச் சொன்னார். எப்படியும் விசாரணை வரும், அப்போது சொன்னால் போதும் என்றார்.

"இப்பவே எழுதிடறேம்மா."

"இதனால உங்க பொண்ணுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்லை. தெரியுமில்லையா?"

தெரியும் என்றார். பொறுப்பு முழுக்க உங்கள் மேல் விழும், அந்தச் சுவர்களைக் கொத்தி எடுத்துத் திரும்ப ஒட்டுகிற வேலையும் உங்கள் தலையில்தான் விழும், அதற்குப் பிறகு இந்த ஊரில் யாரும் உங்களைக் குளத்துப் பக்கம் கூப்பிடமாட்டார்கள் என்றார் அதிகாரி. அதுவும் தெரியும் என்றார்.

வெள்ளைத்தாளில் எழுதினார். டைலின் கனம் ஏழு மில்லிமீட்டர், பசை ஐந்து. ஒரு சுவருக்குப் பன்னிரண்டு, இரண்டு சுவருக்கும் சேர்த்து இருபத்து நான்கு. கடைசி நாள் அளந்து பார்த்ததையும், குறைவு என்று தெரிந்தும் சொல்லாமல் விட்டதையும் எழுதினார். காலையில் சொன்னது பொய் என்பதற்குத் தனியாக ஒரு வரி.

அதிகாரி படித்துப் பார்த்தார். பழைய சான்றிதழை எடுத்து ஒப்பிட்டார். முதலில் குளம் இருபத்தைந்து மீட்டருக்கு மேல் ஆறு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்திருக்கிறது. இருபத்து நான்கில் ஆறு போனால் பதினெட்டு.

"கணக்கு சரியா வருது" என்றார். பிறகு, குத்திக்காட்ட நினைக்காமலேயே, "பழசை எடுத்துட்டு ஒட்டியிருந்தா ஒரு வம்பும் வந்திருக்காது" என்றார்.

அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குள் நுழையும்போது விளக்குப் போட்டிருந்தார்கள். பெரியவள் விடுப்பு எடுத்த நேரத்துக்கு ஈடாக இரவு வேலைக்குத் திரும்பிவிட்டிருந்தாள். மனைவிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. அவள் சண்டை போடவில்லை. சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள். அன்றைக்கு மூன்று வாரம் மிச்சம் என்று வந்து சொன்னபோது நானும்தானே சந்தோஷப்பட்டேன் என்றாள். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

அவர் கை கழுவப் போகும்போது கைபேசி அடித்தது. மாஸ்டர்.

மாஸ்டர் குரலில் கோபம் இல்லை, அசதிதான் இருந்தது. இந்த நான்கு மாதத்தில் அந்தக் குளத்தில் நடந்த எல்லாப் போட்டிகளின் நேரமும் ரத்தாகிறதாம். சின்னவளைத் தவிர இன்னும் பதினெட்டுப் பிள்ளைகள். அதில் இரண்டு பேர் இந்த நேரத்தை நம்பி வேறு ஊர்க் கல்லூரிகளில் சேர்ந்தே விட்டார்கள். பெற்றோர்களுக்கு விஷயம் பரவிவிட்டது. காலை ஆறு மணிக்கு எல்லாரும் குளத்துக்கு வருகிறார்கள். டைல் போட்டவரை நேரில் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நீங்கள் வராவிட்டாலும் நான் தப்பாக நினைக்கமாட்டேன் என்றார் மாஸ்டர்.

"வர்றேன் மாஸ்டர்" என்றார் நூலண்ணன்.

யார், எங்கே வரச் சொல்கிறார்கள் என்று மனைவி கேட்டாள். அவர் சொன்னார். பதினெட்டுப் பேர் வீட்டிலிருந்தும் வருவார்கள் என்றார். அவள் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளறைக் கதவு திறந்தது. சின்னவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுத கண்ணாகத் தெரியவில்லை. குளோரின் பட்டால் வருகிற சிவப்புதான். நான்கு மணிக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"அவங்ககிட்டயும் எனக்காகத்தான் செஞ்சேன்னு சொல்லுவீங்களா?"

அவர் அவளைப் பார்த்தார். நாளைக்கு அந்தக் குளக்கரையில், பதினெட்டு வீட்டுப் பெற்றோர் முன்னால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பது அப்போதுதான் அவருக்கு முழுதாக உறைத்தது. அத்தனை பேர் கண்ணும் அவரை விட்டுவிட்டு இவள் பக்கம் திரும்பும். ஒரு பெண்ணின் மூன்று வாரத்துக்காகப் பதினெட்டுப் பிள்ளைகள் என்று பேசுவார்கள்.

"சொல்ல மாட்டேன்" என்றார்.

"அப்ப என்ன சொல்லுவீங்க?"

அவர் கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவள் அதைப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.